மறு: ‘ஃபோர்க்’ – பதியன் என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

யாரும் தொகுக்கக்கூடிய ஒரு விக்கித் தளத்தையோ ஒரு மென்பொருளையோ அப்படியே படியெடுத்துத் தனியே நடத்துவதை ஆங்கிலத்தில் ‘ஃபோர்க்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கவை’யா ‘பிளவா’ என்று நடக்கும் பேச்சை இரண்டு நாளாகப் படித்துவருகிறேன். மூன்றாவதாக ஒரு சொல்லை முன்வைக்கிறேன்: பதியன்.

இந்தச் சொல் எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஏரி, குளம், வாய்க்கால்களைப் பற்றி நாங்கள் நான்கு பேர் ஒரு சிறு விக்கி நடத்துகிறோம். இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில்தான் தொடங்கினோம். போகப்போகக் கட்டுரைக்கு நடுவில் விளம்பரம் ஏறியது. கைப்பேசியில் பார்த்தால் குளத்தின் வரைபடத்தையே மறைத்தது. சரி, சொந்தமாக ஒரு வழங்கி (சர்வர்) எடுத்து, விக்கி நடத்த உதவும் மென்பொருளான மீடியாவிக்கியை நிறுவிக்கொள்வோம் என்று முடிவுசெய்து பேச்சுப் பக்கத்தில் அறிவித்தோம். அன்றைக்கே, நிறையப் படங்கள் ஏற்றித் தந்த ஒருவர், “நன்றாகத்தானே போகிறது, ஏன் உடைக்கிறீர்கள்?” என்று மனம் வருந்தி எழுதினார். அவர் மேல் தப்பில்லை. அறிவிப்பில் நாங்கள் எழுதியிருந்த சொல் ‘பிளவு’.

நாங்கள் செய்தது என்ன? ஏற்றுமதிப் பக்கம் வழியாகக் கட்டுரைகளை அவற்றின் திருத்த வரலாற்றோடு எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்தோம். படங்கள் அதில் வராது, தனியே இறக்கி ஏற்றினோம். பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வராது. யார் எழுதினார் என்ற பெயர் மட்டும் வரலாற்றில் நிற்கும். அந்தப் பெயர் நிற்பது முக்கியம், ஏனென்றால் எங்கள் விக்கியின் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமம் எழுதியவரைக் குறிப்பிட்டால்தான் எடுத்துப்போகலாம் என்கிறது. பழைய விக்கி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. யாரும் அங்கே போய்த் தொகுக்கலாம்.

இதைத்தான் தோட்டத்தில் செய்கிறோம். மல்லிகைக் கொடியின் தாழ்ந்த கிளையை வளைத்து, பட்டையைக் கொஞ்சம் சீவி மண்ணுக்குள் புதைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிடிக்கும். வேர் பிடித்தபின் தாய்ச்செடியிலிருந்து வெட்டித் தனியே நடுகிறோம். தாய்ச்செடிக்கு ஒன்றும் ஆவதில்லை. பதியன் விதையிலிருந்து முளைத்ததும் அல்ல. தாயின் குணமெல்லாம் அதில் அப்படியே இருக்கும். நாற்றுப்பண்ணையில் ‘கொய்யாப் பதியன்’ என்று கேட்டுத்தான் வாங்குகிறோம், ஆக யாருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

> கவை என்றால் இரண்டாகப் பிரிவது. பொருத்தம்தானே?

ஐயா, உருவத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் கவட்டையில் இரண்டு கிளையும் ஒரே அடிமரத்தில் கடைசிவரை நிற்கின்றன. வெட்டித் தனியே நடுவது அதில் இல்லை. ஒரே திட்டத்துக்குள் தனியாக ஓடும் திருத்த வரிசையை நிரலாளர்கள் ‘கிளை’ என்கிறார்கள். அதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

> வாழையின் பக்கக்கன்று?

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது, அக்கா. ஆனால் குலை தள்ளியபின் தாய்வாழை போய்விடும். ஃபோர்க்கில் பழைய விக்கி பெரும்பாலும் தொடர்ந்து வாழ்கிறது, சில நேரம் புதியதைவிடச் செழிப்பாக. 2002 பிப்ரவரியில் ஸ்பானிய விக்கிப்பீடியர்கள் பலர், விளம்பரம் வந்துவிடுமோ என்ற கவலையும் சேர, செவில் பல்கலைக்கழக வழங்கியில் என்சிக்ளோபீடியா லிப்ரே என்ற தனிக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் பெரிதாக வளர்ந்தது பழைய ஸ்பானிய விக்கிப்பீடியாதான். பயணக் கையேடு விக்கியான விக்கிடிராவலில் நடந்தது வேறு. 2006இல் ஜெர்மன் பங்களிப்பாளர்கள் தனியே போய் விக்கிவாயேஜைத் தொடங்கினார்கள். பின்னர் இத்தாலியப் பங்களிப்பாளர்களும் சேர்ந்தார்கள். 2012இல் ஆங்கிலப் பங்களிப்பாளர்களும் வந்து சேர, 2013 ஜனவரியில் விக்கிவாயேஜ், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் திட்டமாகவே ஆனது. எது தழைக்கும் என்பதைச் சொல்லே முன்கூட்டித் தீர்மானித்துவிடக் கூடாது. பதியன் அப்படித் தீர்மானிப்பதில்லை.

‘தனிக்குடித்தனம்’ என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டதும் மாமியார் மருமகள் சண்டைதான் நினைவுக்கு வருகிறது. எடுத்துப்போய்த் தனியே நடத்தலாம் என்பது உரிமம் எல்லோருக்கும் தந்த உரிமை. சண்டை இல்லாமலும் நடக்கிறது. கோபித்துக்கொண்டு போனவர்கள் என்று எங்களை யாரும் நினைக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி இருக்கிறது.

இந்தச் சொல்லில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். விக்கியில் ஏற்கெனவே பதிவு, பதிப்பு, பதிவேற்றம், பதிவிறக்கம் என்று ‘பதி’ மயம். ‘பதியப்பட்டது’ என்று எழுதினால் பதிவுசெய்யப்பட்டது என்றுதான் படிப்பார்கள். அதனால் வினையாக ‘பதி’யைத் தொடவே வேண்டாம். பெயர்ச்சொல் பதியன், வினைக்குத் தோட்டக்காரர்கள் சொல்வதுபோல ‘பதியன் போடு’. ‘பதியம்’ என்ற வடிவமும் வழக்கில் இருக்கிறது, ஆனால் படிவம், பதிகம் இவற்றோடு கண் குழம்புகிறது. ன் ஈறு தெளிவாக நிற்கிறது என்று நினைக்கிறேன்.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு செயல்முறை (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்குவதும் ஃபோர்க்தானே, அதற்கும் இதையே சொல்வதா என்று கேட்டவருக்கு: வேண்டியதில்லை. அங்கே பிறப்பது சேய்ச் செயல்முறை; ‘கிளைத்தல்’ போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லைத் தேட வேண்டாம். அப்புறம், பிரிந்தவை மறுபடி சேர்வதற்கு ‘ஒட்டு’ என்று வைக்க எனக்கு ஆசைதான், ஒட்டுமாங்கன்று நினைவில். ஆனால் மென்பொருளில் சிறு திருத்தக் கோப்புக்கு (பேட்ச்) பலரும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். அதைத் தனி இழையில் பேசுவோம்.

புதிய விக்கியின் முதற்பக்க அடியில் இப்படி ஒரு வரி போட எழுதி வைத்திருக்கிறேன்:

“இவ்விக்கி, பழைய ஊர்நீர் விக்கியின் பதியன். பிரிந்த நாள்வரை எழுதியவர்களின் பெயர்கள் ஒவ்வொரு பக்கத்தின் வரலாற்றிலும் உள்ளன.”

வருந்தி எழுதிய அந்தப் படக்காரருக்கும் இதை அனுப்பியிருக்கிறேன். ஞாயிறு மாலை தளத்தில் ஏற்றப்போகிறேன். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். ‘பதியன்’ உங்கள் ஊரில் வேறு பொருளில் வழங்கினால் கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்