புதுப்பிப்பு: கிரேன்ஸ்பில் ஜெரேனியம், எதை வெட்டலாம், எதை விடலாம்

பிரிட்டன் தோட்டங்களில் ஆண்டுதோறும் துளிர்க்கும் பூச்செடியான கிரேன்ஸ்பில் பற்றிய முந்தைய இழையில், முதல் பூ ஓய்ந்ததும் தரையை ஒட்டி வெட்டச் சொல்லியிருந்தேன். அதை எல்லா வகைக்கும் பொருத்தியது தவறு. ஜூனோடு பூத்து முடிக்கும் மேக்னிஃபிகம், ஃபேயம் வகைகளுக்கு அது சரி. வெட்டியபின் நன்றாகத் தண்ணீர் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் புது இலை தழைக்கும்.

‘ரோஸான்’ வகை அப்படியல்ல. மலட்டுக் கலப்பினம், விதை பிடிக்காததால் உறைபனி வரும்வரை பூத்துக்கொண்டே இருக்கும். நடுப்பகுதி வெறிச்சோடி, தண்டுகள் சரிந்து படர்ந்தால் மட்டும் ஜூலையில் 8 செ.மீ. விட்டு வெட்டுங்கள். செடியைத் துண்டுகளாகப் பிரித்து நடுவது மார்ச், ஏப்ரலில்: ஒவ்வொரு துண்டிலும் தளிர்மொட்டும் வேரும் இருக்கும்படி கூரிய கத்தியால் வெட்டிப் பிரியுங்கள். கையால் பிய்த்தால் வேரும் தண்டும் சேரும் நடுப்பகுதி சிதைந்து அழுகலாம்.

தொட்டியில், மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா? வேரைக் கிளறுங்கள். பழுப்புத் தலையோடு வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு, வைன் வீவில் என்ற கூன்வண்டினுடையது. இலை ஓரம் அரைவட்டமாகக் கடிபட்டிருப்பதே முதல் அடையாளம். ஆகஸ்ட், செப்டம்பரில், வெயில் தாழ்ந்தபின், ஈர மண்ணில் நூற்புழுக் கரைசல் (அந்தப் புழுவைக் கொல்லும் நுண்புழுக்கள் கலந்த நீர்) ஊற்றுங்கள்.