தானாகப் பிரிந்ததா, யாராவது பிரித்தார்களா? 'அபார்ட்' படுத்திய பாடு

ஆம்பூர் ஷூக்காரர்:
ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். சில ஜோடிகளில் பேஸ்டிங் விட்டு, அப்பரும் (மேல்பாகம்) சோலும் (அடிப்பாகம்) வாயைப் பிளந்துகொண்டு நின்றன. புதிதாகச் சேர்ந்த தம்பி, சரக்கு வாங்கும் 'பையர்' கம்பெனிக்காரருக்கு, 'தி ஷூஸ் வேர் டேக்கன் அபார்ட்' என்று மெயில் போட்டுவிட்டான். "யார் பிரித்தது, எதற்காக?" என்று அங்கிருந்து பதில் வந்தது. நாமே பிரித்துச் சோதனை செய்ததாக நினைத்திருக்கிறார், பாவம். தானாக விட்டுப்போனால் 'கேம் அபார்ட்'. ஆள் உட்கார்ந்து பிரித்தால்தான் 'டேக் அபார்ட்'. தையல் பிரிந்தது, தையலைப் பிரித்தேன் என்று நாம் மாற்றிச் சொல்வதே இல்லையே! 'சோல் ப்ரோக்' என்றாலும் தப்பு. அது சோலே வெடித்துப்போனதற்கு.

காட்பாடி சித்தி:
அக்கா பையனுக்கு ரயிலில் போகும்போதே போன் இன்டர்வியூ. குடியாத்தம் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வந்தது. "யூ ஆர் பிரேக்கிங் அப்" என்றார்களாம். "வேலை இல்லைன்னு சொல்றாங்களா சித்தி?" என்று முகம் வெளுத்துவிட்டது அவனுக்கு. குரல் துண்டு துண்டாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

குடியாத்தம் டீச்சர்:
1989-ல் வட ஆற்காட்டைப் பிரித்தார்கள். 2019-ல் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். இதை எழுதச் சொன்னால், 'வேலூர் டிஸ்ட்ரிக்ட் ஃபெல் அபார்ட்' என்று எழுதுகிறார்கள் பிள்ளைகள். மாவட்டமே சீர்குலைந்துவிட்டது என்று அர்த்தமாகிவிடும்! 'வாஸ் ஸ்ப்ளிட் அப் இன்டு த்ரீ' என்றால் போதும். எத்தனையாக என்று சொல்ல 'இன்டு' வேண்டும். இன்னொன்று, 'டேக் அபார்ட் இட்' என்று யாரும் சொல்வதில்லை. 'இட்' நடுவில் வரும்: 'டேக் இட் அபார்ட்'. 'கம் அபார்ட்'டில் அந்த 'இட்'டுக்கு இடமே கிடையாது.

காட்பாடி சித்தி:
ஷூக்காரரே, ஹீல் மட்டும் கையோடு வந்துவிட்டால்?

ஆம்பூர் ஷூக்காரர்:
'தி ஹீல் கேம் ஆஃப்'. ஒரு பாகம் மட்டும் கழன்றால் 'ஆஃப்', முழுப் பொருளும் பாகம் பாகமாகப் போனால் 'அபார்ட்'. எங்கள் ரிப்போர்ட் ஷீட்டில் இரண்டுக்கும் இப்போது தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறோம். தம்பிதான் போட்டான்.