கலைச்சொல் வேண்டும்: ஹை ஹீல்ஸ், கால் நரம்பு, ‘என்ட்ராப்மென்ட்’

வணக்கம். இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹை ஹீல்ஸ் பற்றிய பக்கத்தில் நிற்கிறேன். குதி உயர்ந்தால் பாதம் கீழ்நோக்கிச் சரிகிறது. கணுக்காலின் முன்புறம் நார்ப்பட்டைக்கு அடியில் ஓடும் ஆழ் பெரோனியல் நரம்பு இழுபட்டு, பட்டைக்கும் எலும்புக்கும் நடுவே அகப்படுகிறது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் மரத்துப்போகும். இந்த ‘என்ட்ராப்மென்ட்’டுக்கு ‘நரம்பழுத்தம்’ என்று எழுதினேன். மேலாய்வாளர் அடித்துவிட்டார்.
— ம., கோவை

அன்புடையீர், ‘நரம்பு நெரிவு’ என்க. நெரிதல் தன்வினை, நெரித்தல் பிறவினை. இங்கே தன்வினையே பொருந்தும். நரலுதல் என்றால் ஒலித்தல். நரம்பு அதிலிருந்து பிறந்த சொல், யாழ்த் தந்திக்கே முதலில் அப்பெயர், உடம்புக்குப் பின்னரே வந்தது என்பது என் துணிபு. ஹை ஹீல்ஸ் எதற்கு? ‘குதியுயர் தொடுதோல்’ இருக்கிறதே! ‘தொடுதோல் மரீஇய வடு ஆழ் நோன் அடி’ என்று இடையனின் செருப்புக் காலைப் பெரும்பாணாற்றுப்படை அன்றே பாடிவிட்டது.
— புலவர் ந., தஞ்சாவூர்

ஐயா, அந்த இடையனின் செருப்பில் குதி உயரமில்லை :) ‘நெரிவு’ என்றால் என்னிடம் வருபவர்கள் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். ‘நரம்புப் பிடிப்பு’ம் ஆகாது, கெண்டைக்கால் சதை பிடித்தாலே அப்படித்தான் சொல்கிறார்கள். மேலாய்வாளர் அடித்தது சரி. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், பெரோனியல் நரம்பு நசுங்கும், அது அழுத்தம். குறுகிய வழியில் மாட்டிக்கொள்வது வேறு. முன்பாதத்தில் 3, 4ஆம் விரல்களுக்குப் போகும் நரம்பும் அப்படித்தான். பிலடெல்பியாவில் மருத்துவர் மார்ட்டன் 1876இல் எழுதியது அதைத்தான். ‘நியூரோமா’ (நரம்புக் கட்டி) என்கிறார்கள், உண்மையில் கட்டியே அல்ல, நரம்பைச் சுற்றி நார்த்திசு தடிப்பது. இரண்டுக்கும் பொருந்த ‘நரம்புச் சிக்குகை’ என்கிறேன். ‘சிக்கல்’ என்றால் எல்லா நரம்புக் கோளாறும் அதற்குள் வந்துவிடும்.

ம., இன்னொன்று: நரம்பின் கடத்து வேகம் பற்றி எழுதினால், காலைச் சூடேற்றிவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு பாகை செல்சியசு குளிர்ந்தாலே விநாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையும்; பழி செருப்பின்மேல் விழும்.
— இயன்முறை மருத்துவர் ச., மதுரை

‘பெரோனியல்’ மட்டும் ஏன் தப்பியது? 1998இன் அனைத்துலக உடற்கூற்றுச் சொற்பட்டியலில் ‘ஃபிபுலர்’ முன்னுக்கு வந்திட்டுது. கிரேக்கத்துப் பெரோனே, இலத்தீனத்து ஃபிபுலா, ரெண்டுமே ஆடையில் குத்தும் ஊசிதான். எங்கட பாடநூலில் ஃபிபுலா எலும்பு கணைக்கால் வெளியென்பு. ‘வெளியென்பு நரம்பு’ எண்டால் என்ன குறை?
— யாழ்ப்பாணத்திலிருந்து இ.

தம்பி, அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். வெள்ளிக்கு முன் வேண்டாம்.
— ச.

ச. சொன்னபடி ‘நரம்புச் சிக்குகை’ போடுகிறேன். முதல்முறை வருமிடத்தில் ‘என்ட்ராப்மென்ட்’ என்றும் சேர்க்கிறேன். செருப்பு ஹை ஹீல்ஸாகவே இருக்கும், புலவர் ஐயா பொறுத்தருள்க.
— ம.

போடுங்கள். ‘சிக்குகை’ நாவில் சிக்குகிறது. அடுத்த பதிப்பில் மீண்டும் எழுதுவேன். நரலுதலை இதுவரை எவரும் மறுக்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்க.
— ந.