திரைக்கோடா, கடவுக்கோடா?

வணக்கம்.

தெருவில் நடையாட்களையும் சைக்கிள்களையும் எண்ணும் படிவத்தைத் தமிழாக்கும்போது, ‘ஸ்கிரீன்லைன்’ (screenline) என்பதற்கு அண்ணன் ஒருவர் ‘திரைக்கோடு’ என்று போட்டிருக்கிறார். சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் பரீட்சை அட்டையோடு தெருவில் உட்காருகிறவர், திரை எங்கே என்று தேடுவார். வீதிக்குக் குறுக்கே மனசுக்குள் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டும் நடையாட்களையும் சைக்கிள்களையும் எண்ணுகிறோம். அவ்வளவுதான் வேலை.

போன மாதம் மதுரை விளக்குத்தூண் பக்கம் காலை 7 முதல் 9 வரை உட்கார்ந்தேன். கால் மணிக்கு ஒரு கட்டம். நாலு கோடு, குறுக்கே ஒன்று. டீத் தூக்கோடு ஒருவர் பதினோரு தடவை கடந்தார். எதிர்ச் சாரித் தம்பி, ஒரே ஆள்தானே என்று ஒன்று போட்டிருந்தான். நான் பதினொன்று. அவனைச் சொல்லிக் குற்றமில்லை, படிவத்தில் ‘நபர்கள்’ என்றுதான் இருந்தது. எண்ண வேண்டியது கடப்பதை.

அதனால் என் ஓட்டு ‘கடவுக்கோடு’. கடவுச்சீட்டு, கடவுச்சொல் எல்லாம் பழகிவிட்டன. ஒரு ஆள் ஒரு தடவை தாண்டினால் ஒரு கடவு; டீக்காரருக்குப் பதினோரு கடவு. சைக்கிளில் டபுள்ஸ் போனால் இரண்டு. அமெரிக்கக் கையேடும் வண்டியை விட்டு ஆளைத்தான் எண்ணச் சொல்கிறது. ‘எண்ணுகோடு’ம் யோசித்தேன். எழுதுகோல் மாதிரி நல்ல வினைத்தொகை. பள்ளிக் கணக்கில் ‘எண்கோடு’ இருக்கிறதே, குழம்பும்.

நம்மூரில் பெரிய கடவுக்கோடு வைகைதான். ஏ.வி. பாலம், யானைக்கல் கல்பாலம் என்று பாலத்துக்குப் பாலம் ஆள் போட்டால் வடகரை தென்கரைப் போக்குவரத்து கணக்கில் வந்துவிடும்.

அடுத்தது ‘கார்டன் லைன்’ (cordon line). அப்படியே எழுதினால் தோட்டக் கணக்கு என்பார்கள். ஒரு பகுதியைச் சுற்றி வளைத்து, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணுவது இது. ‘வளைகோடு’ கணக்குக்காரர்கள் சொத்து, ஆகவே ‘சுற்றுக்கோடு’. 1840களில் கோட்டையை இடித்த இடத்தில் வந்த நான்கு வெளி வீதிகளும் இதற்கென்றே போட்டது போல இருக்கின்றன.

ஒன்றுதான் பாக்கி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர் நடையாள் கணக்கில் வருவார். மிதிக்காதபோது அது என்ன மிதிவண்டி? அவருக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்கிறார்கள், பேர்தான் கிடைக்கவில்லை. ‘உருட்டுநர்’ என்று வைத்தால் இந்தக் காலத்துப் பையன்கள் சிரிப்பார்கள். ‘தள்ளுநர்’ பரவாயில்லையா? படிவம் அச்சுக்குப் போவதற்குள் சொல்லுங்கள்.