மாற்றுக் கிட்னியின் தமனி சுருங்கினால்: உடனே ஸ்டென்ட்டா, பொறுத்துப் பார்ப்பதா?

பாலாற்றங்கரை:
ஒரு கேஸ் வைத்துக்கொள்வோம். உயிரோடிருக்கும் டோனர் கொடுத்த கிட்னி, ஆபரேஷன் முடிந்து 5 மாதம். 3 மாத்திரை போட்டும் பிபி 170/100. டெல்மிசார்டன் என்ற பிபி மாத்திரை சேர்த்ததும் கிரியேட்டினின் (கிட்னி வேலை குறைந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.3-லிருந்து 2.1. டாப்ளர் ஸ்கேனில் கிட்னித் தமனியில் ரத்தத்தின் உச்ச வேகம் நொடிக்கு 320 செ.மீ. (தமனி குறுகினால் வேகம் ஏறும்). இதற்கு நேராக ஆஞ்சியோ (குழாய் விட்டுத் தமனியைப் படம் எடுப்பது), குறுக்கம் உறுதியானால் அதே மேஜையில் ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) என்கிறேன்.

திருவலம்:
ஏன் சார் இவ்வளவு அவசரம்? 2009-ல் ஆஸ்ட்ரல், 2014-ல் கோரல், கிட்னித் தமனிக் குறுக்கம் பற்றிய இந்த இரண்டு பெரிய ஆய்விலும் மாத்திரையோடு ஸ்டென்ட் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. கோரலில் மட்டும் 947 பேர்.

பாலாற்றங்கரை:
அவர்களுக்கு இருந்தது சொந்தக் கிட்னியில் கொழுப்பு படிந்த அடைப்பு. மாற்றுக் கிட்னியில் தையல் போட்ட இடம் தழும்பாகி இறுகும், ஆபரேஷனில் கிளாம்ப் (தமனியைப் பிடிக்கும் கிடுக்கி) பட்ட இடம் தடிக்கும், நீளமான தமனி மடங்கும். தவிர, வேலை செய்வது ஒரே கிட்னி. அதற்கு ரத்தம் குறைந்தால் உப்பும் நீரும் தேங்கும், திடீரென்று நுரையீரலில் நீர் கோத்துவிடும். அந்த ஆய்வு முடிவை இங்கே பொருத்துவது தவறு.

திருவலம்:
அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 320 என்ற எண்ணை மட்டும் நம்பக்கூடாது. தமனி வளையும் இடத்திலும் வேகம் ஏறும். பக்கத்து இலியாக் தமனியின் (மாற்றுக் கிட்னியின் தமனியைத் தைக்கும் இடுப்புத் தமனி) வேகத்தோடு ஒப்பிட வேண்டும். கிட்னிக்குள் இருக்கும் சிறு தமனிகளில் அலை மெதுவாக ஏறுகிறதா, உச்சிக்குப் போக 0.1 நொடிக்கு மேல் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்களில் வீக்கத்தால் ஏறும் வேகம் தானாகவே இறங்குவதும் உண்டு.

கிரியேட்டினின் ஏற வேறு காரணமும் இருக்கலாம்: டாக்ரோலிமஸ் (மாற்றுக் கிட்னியை உடல் ஒதுக்காமல் தடுக்கும் மருந்து) அளவு கூடியது, ரிஜெக்‌ஷன். நம்ம ஊர் கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் டெல்மிசார்டன் போட்டாலே ஏறும். ரிஜெக்‌ஷன் சந்தேகம் இருந்தால் பயாப்சியை (ஊசியால் கிட்னித் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முதலில் எடுத்துவிடுங்கள். ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் ஓடும். அப்போது ஊசி குத்தினால் ரத்தக்கசிவு, மாத்திரையை நிறுத்தினால் புது ஸ்டென்ட்டில் ரத்தம் உறையும்.

காட்பாடி ஜங்ஷன்:
கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் அறை) பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் ஆபரேஷன் குறிப்பைப் படியுங்கள். உள் இலியாக்கோடு முனைக்கு முனை தைத்திருந்தால் எதிர்ப்பக்கத் தொடைத் தமனியிலிருந்து குழாயைக் கொண்டுபோவது சுலபம். வெளி இலியாக்கின் பக்கவாட்டில் தைத்திருந்தால் அதே பக்கத் தொடை போதும். கான்ட்ராஸ்ட்டை (படத்தில் தமனி தெரிய ஏற்றும் மருந்து) குறைக்க கார்பன் டை ஆக்சைடு வாயுவில் படம் எடுக்கலாம், உதரவிதானத்துக்குக் கீழே மட்டும். சர்க்கரை நோயுள்ள வயதானவருக்கு இலியாக்கையே முதலில் பாருங்கள். அடைப்பு மேலே இருந்தால் கிட்னித் தமனியில் ஸ்டென்ட் வைத்து என்ன பயன்?

பிறகு குறுக்கத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்த வித்தியாசம் அளந்தே தீர வேண்டும். சராசரியில் 10, சிஸ்டாலிக்கில் 20 மி.மீ.க்குக் கீழே இருந்தால் நான் ஸ்டென்ட் வைக்கச் சொல்லமாட்டேன். குறுக்கத்தை விரிக்கும் பலூன் பெரும்பாலும் 5, 6 மி.மீ. பக்கத்து நல்ல தமனியின் அளவை மீறினால் கிழியும். தையல் சில வாரமே ஆனதென்றால் பலூனையே தொடாமல் சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

திருவலம்:
அளந்து வித்தியாசம் வந்தாலும் முதலில் பலூன் மட்டும் போதாதா? ஜவ்வாது மலையிலிருந்து வருபவர் குளோபிடோக்ரெல் தீர்ந்ததும் நிறுத்திவிட்டால்?

பாலாற்றங்கரை:
பலூன் மட்டும் போட்டால் மறுபடி சுருங்குவது அதிகம். மடங்கிய தமனி பலூனை எடுத்ததும் பழையபடி மடங்கிவிடும். மாத்திரை தீரும் பிரச்சினைக்கு 3 மாத மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்புவதே வழி.

காட்பாடி ஜங்ஷன்:
மடக்கில் கவனம் சார். விறைப்பான ஸ்டென்ட் வைத்தால் மடக்கு அதன் முனைக்கு நகரும், அங்கே புதுக் குறுக்கம் வரும். அப்படிப்பட்ட நீண்ட வளைவுக்கு ஆபரேஷனே நல்லது. ஸ்டென்ட் வைத்த அன்றிரவு பிபி மாத்திரைகளைப் பழைய அளவில் கொடுக்காதீர்கள். பிபி சரிந்தால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையும். சிறுநீர் கொட்டும், அந்த அளவுக்கு ட்ரிப்பில் ஈடுகட்டுங்கள். மறுநாளே டாப்ளர்.

பாலாற்றங்கரை:
பயாப்சி முதலில் என்பதை நீங்கள் சொன்ன காரணத்துக்காக ஏற்கிறேன், திருவலம் சார். ஆனால் நுரையீரலில் நீர் கோத்து வருபவருக்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்லமாட்டேன். அவரை ஆஞ்சியோவுக்குத்தான் அனுப்புவேன்.