மேனா விதி: தீக்கோளத்தைத் தவிர வேறெதையும் யாரும் போடுவதில்லை, எங்கே தப்பு?

கேள்வி: சொந்தமாக எழுதும் டேபிள்டாப் ஆர்பிஜி (பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேசை ஆட்டம்). மந்திரவாதிக்கு 20 மேனா (மந்திர சக்திப் புள்ளி). மந்திர நிலை எவ்வளவோ அவ்வளவு செலவு. 1ஆம் நிலை தீப்பொறி 2டி6 (ஆறுமுகப் பகடை இரண்டின் கூட்டு) சேதம், 3ஆம் நிலை தீக்கோளம் 8டி6. போட 2டி6 + அறிவு 3 உருட்டணும், இலக்கு 7 + நிலை. தவறினால் மேனாவும் போச்சு, முறையும் (அந்தச் சுற்றில் செயல்படும் வாய்ப்பு) போச்சு. ஆடிப் பார்த்தால் எல்லாரும் தீக்கோளமே போடுறாங்க. தவறும்போது சலிச்சுக்கிறாங்க.

பதில் 1: செலவுதான் கோளாறு. தீப்பொறி சராசரி 7, மேனாவுக்கு 7. தீக்கோளம் சராசரி 28, மேனாவுக்கு 9க்கு மேல். பெரிசு மலிவாகக் கிடைத்தால் சின்னதை யார் தொடுவாங்க? 1, 2, 3ஆம் நிலைகளுக்குச் செலவை 2, 3, 5 என்று ஏற்றுங்க.

பதில் 2: வெற்றி வாய்ப்பைக் கணக்கில் விட்டுட்டீங்க. தீப்பொறிக்கு 5 விழுந்தால் போதும், 83%. தீக்கோளத்துக்கு 7 வேணும், 58%. அதையும் பெருக்கினால் மேனாவுக்கு 5.8, 5.4; தீப்பொறிதான் ஒரு மயிரிழை மேல். ஆனால் ஒரு முறைக்குப் பார்த்தால் 5.8க்கு எதிரே 16.3. அங்கேதான் தட்டுப்பாடு மேனாவில் இல்லை, முறையில். சண்டை எத்தனை சுற்று? மேனா எப்போ நிரம்புது?

கேட்டவர்: 4 சுற்று. ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் நிரம்பும்.

பதில் 2: அப்போ 20 மேனாவுக்கு 6 தீக்கோளம், போட வாய்ப்போ 4 தடவை. மேனா தீரவே தீராது. செலவை 5 ஆக்கினாலும் சரியாக 4 வரும்! இரவு முகாமில் மட்டும் நிரம்பட்டும். நாளுக்கு 3 சண்டை என்றால் 12 முறைக்கு 20 மேனா, ஆள் யோசிப்பார். அதோடு 3ஆம் நிலைக்கு நாளுக்கு 2 என்று உச்சவரம்பு வையுங்க. டி அண்ட் டி (பிரபல ஆர்பிஜி) 5ஆம் பதிப்பில் 5ஆம் லெவல் மந்திரவாதிக்கு 3ஆம் நிலை ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) 2தான். அதன் மாற்று விதியில் ஸ்லாட்டுக்குப் பதில் 27 புள்ளி, தீக்கோளத்துக்கு 5 புள்ளி செலவு. ஐந்து தடவை போட்டுத் தள்ளலாம். உங்க சிக்கலேதான்.

பதில் 1: ஆமா, முறையைக் கவனிக்கலை. தவறுவதற்கு: இலக்குக்கு 1, 2 குறைந்தால் மந்திரம் பலிக்கட்டும், ஆனால் விலை உண்டு: போட்டவருக்கே 1டி6 சேதம், அல்லது கூடுதலாக 2 மேனா, ஆட்டக்காரரே தேர்வு செய்யணும். தீக்கோளத்தில் 25% இப்படி விழும், முழுத் தோல்வி 17% ஆகிடும். முழுத் தோல்விக்கும் பாதி மேனா மட்டும் பிடிங்க.

கேட்டவர்: 5ஆம் நிலைக்கு வெற்றி வாய்ப்பு 28%தான் வருதே?

பதில் 2: அதுக்கு இலக்கை 10லேயே நிறுத்திட்டு, போட 2 முறை ஆகும்னு வைங்க. நடுவில் அடி வாங்கினால் மறுபடி உருட்டணும்.