பழுதுபட்ட 1916-டி டைமுக்குப் பதிவேட்டில் எத்தனை புள்ளி?

காசுப்பெட்டி எழுதியது:

வணக்கம். அமெரிக்காவின் பத்து சென்ட் காசான ‘மெர்குரி டைம்’ வரிசையை ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். 1916 முதல் 1945 வரையிலான 77 காசுகளில் 76-ஐ, தரமிடும் நிறுவனங்கள் தரமிட்டு உறையிட்ட நிலையில் வாங்கிவிட்டேன். டென்வரில் 2,64,000 மட்டுமே அச்சிடப்பட்ட, அதற்கு அடையாளமாக ‘டி’ எழுத்தைத் தாங்கிய 1916-டி ஒன்றுதான் பாக்கியிருந்தது. சென்ற மாதம் அதுவும் கைக்கு வந்தது. ஆனால் அதன் உறையில் எண் தரம் எதுவும் இல்லை, ‘வி.எஃப். டீடெய்ல்ஸ், க்ளீன்ட்’ என்று மட்டும் இருக்கிறது; அதாவது தேய்மானம் வி.எஃப். (வெரி ஃபைன்) அளவில்தான், ஆனால் காசு தேய்த்துக் கழுவப்பட்டது. பின்புறத்தில் கோடரியோடு சேர்த்துக் கட்டிய கோல்களில் பெரும்பாலானவை தனித்தனியாகத் தெரிகின்றன. இருந்தும் சேகரிப்பாளர்களின் தொகுப்புகளுக்குப் புள்ளியிட்டுப் போட்டி நடத்தும், நான் சேர்ந்திருக்கும் பதிவேடு அந்த இடத்தைக் காலியாகவே கணக்கிடுகிறது. கோல்களே தெரியாமல் மழுங்கிப்போன, தரம் 4 மட்டுமே பெற்ற ஜி-4 (குட்) காசுக்குப் புள்ளி உண்டு, இதற்கு இல்லை என்பது எப்படிச் சரியாகும்?

பழங்காசு எழுதியது:

தேய்மானம் வேறு, பழுது வேறு என்பதிலிருந்துதான் இந்த விதி பிறக்கிறது. 1 முதல் 70 வரையிலான அளவுகோலின் கீழ்ப்பகுதி, காசு கைமாறிக் கைமாறி எவ்வளவு தேய்ந்தது என்பதையே அளக்கிறது. யாரோ தேய்த்துக் கழுவியதையும், சுரண்டியதையும், துளையிட்டதையும் அந்த எண்ணால் சொல்ல முடியாது. அதனால்தான் தரமிடும் நிறுவனங்கள் அத்தகைய காசுக்கு எண் தராமல், அசல்தான் என்ற உறுதியையும் குறைபாட்டின் பெயரையும் மட்டும் எழுதித் தருகின்றன. பி.சி.ஜி.எஸ். என்ற தரமிடும் நிறுவனத்தின் பதிவேட்டில் ‘லோபால்’ தொகுப்புகள் என்றே ஒரு வகை உண்டு. மிகவும் தேய்ந்த காசுக்குத்தான் அங்கே முதலிடம், 1 என்ற தரமே உச்சம். அந்தப் போட்டியில்கூட நேர்மையாகத் தேய்ந்த காசுதான் செல்லும், ஓட்டைக்காசு செல்லாது.

எடைக்கல் எழுதியது:

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விதியின் காரணம் இன்னும் தெளிவாகும். பி.சி.ஜி.எஸ். பதிவேடு ஒவ்வொரு காசின் தரத்தையும் அது எவ்வளவு அரிது என்பதற்கேற்ற, ‘எடை’ எனப்படும் ஓர் எண்ணால் பெருக்கிச் சராசரி காண்கிறது; என்.ஜி.சி. என்ற இன்னொரு தரமிடும் நிறுவனம் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்துக் கூட்டுகிறது. எடையிட்ட முறையில், எடுத்துக்காட்டாக, 1916-டி-க்கு எடை 10 என்றும், 1944 போன்ற எளிதில் கிடைக்கும் காசுக்கு எடை 1 என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் காசை முழு வி.எஃப்.-20 ஆக ஏற்றால் 200 புள்ளி. பழுதில்லாத ஜி-4 வைத்திருப்பவருக்கு 40 புள்ளி. இந்த 160 புள்ளி இடைவெளியை அவர் எளிய காசுகளால் ஈடுகட்ட நினைத்தால், 80 காசுகளை 65-லிருந்து 67-க்கு உயர்த்த வேண்டியிருக்கும். மொத்த வரிசையிலேயே 77 காசுகள்தான் உள்ளன. கழுவிய ஒரே காசு போட்டியையே முடித்துவிடும் என்பதால், முழுப் புள்ளி தருவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

செப்புச்சில்லி எழுதியது:

முழுப் புள்ளி கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான், ஆனால் சுழியம் கொடுப்பது அநியாயம். 1916-டி என்று விற்கப்படுபவற்றில், ஃபிலடெல்ஃபியாவில் அச்சிட்ட சாதாரண 1916 காசில் ‘டி’ எழுத்தை ஒட்டிய போலிகள் பல உலவுகின்றன. அசல் என்று உறுதி செய்யப்பட்ட காசைக் காலி இடத்துக்குச் சமமாக வைத்தால், தேடியவரின் உழைப்பு எங்கே போகிறது? இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பெரிய செப்புச் சென்டுகளைச் சேர்ப்பவர்கள் முதலில் காசின் கூர்மைக்கு, அதாவது உருவங்கள் எவ்வளவு தெளிவாக எஞ்சியுள்ளன என்பதற்குத் தரமிட்டு, பிறகு பழுதுக்காகக் கழித்து, நிகரத் தரம் ஒன்றைச் சொல்வார்கள். கூர்மை 20, நிகரம் 8 என்பது போல. அனாக்ஸ் என்ற தரமிடும் நிறுவனமும் ஒரு காலத்தில் உறையிலேயே நிகரத் தரத்தை அச்சிட்டது. எவ்வளவு கழிப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும் என்பது உண்மைதான். ஆகவே போட்டிக்கு எளிய விதி ஒன்றைச் சொல்கிறேன்: பழுதுபட்ட காசு எதுவாயினும், அதற்குத் தரம் 1 என்று வைத்து எடையால் பெருக்குங்கள். உங்களுக்கு 10 புள்ளி கிடைக்கும். ஜி-4 உங்களுக்கு மேலேயே நிற்கும், காலி இடம் கீழே நிற்கும்.

பழங்காசு எழுதியது:

அந்த விதியை நானும் ஏற்பேன். காசுப்பெட்டி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண் தரம் வாங்கிவிடலாம் என்று எண்ணி உறையை உடைத்து மறுபடி அனுப்பாதீர்கள். பி.வி.சி. உறையின் பச்சைப் படிவு போன்றவற்றை அசிட்டோனால் நீக்க முடியும். உலோகத்தில் விழுந்த கீறலை நீக்க முடியாது.

காசுப்பெட்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு காசை விளக்கடியில் சாய்த்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். முன்புறத்திலுள்ள சுதந்திர தேவியின் கன்னத்துக்கு முன்னாலுள்ள வெற்றிடம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றன, துணியால் துடைத்த கை போன போக்கு அப்படியே தெரிகிறது. 200 புள்ளி கேட்க எனக்கு இனி மனம் வராது. தரம் 1 என்ற யோசனையைப் பதிவேட்டுக்கு எழுதி அனுப்புகிறேன். பழுதில்லாத ஜி-4 ஒன்று கிடைக்கும்வரை இந்தக் காசு அதன் இடத்திலேயே இருக்கும்.